தோட்டாக் கூட்டை எப்போது நறுக்குவது?

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். அதில் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கூட்டின் வாயை நறுக்கியே ஆகவேண்டும் என்பார் ஒருவர். பக்கத்திலேயே இன்னொருவர், "ஆயிரக்கணக்கில் ரீலோட் பண்ணியாச்சு, ஒன்றைக்கூட நறுக்கினதில்லை" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. முன்னவர் சுடுவது ரைஃபிள், பின்னவர் சுடுவது பிஸ்டல். அதைச் சொல்ல மட்டும் மறந்துவிடுகிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் புதியவர்தான் குழம்பிப்போகிறார்.

எத்தனை முறை சுட்டோம் என்ற கணக்கை வைத்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது. கூடு இப்போது எவ்வளவு நீளம், எவ்வளவு வரை இருக்கலாம் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கீழே பேசப்போவது நீளத்தைப் பற்றி மட்டுமே. மருந்தின் அளவும் குண்டின் எடையும் அந்தந்தத் தோட்டாவுக்கான ரீலோடிங் கையேட்டின்படி செய்ய வேண்டியவை. உரிமச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் இந்த வேலையில் கைவைக்க வேண்டும்.

முதலில் பெயர்கள்

பேச்சுவழக்கில் தோட்டா, குண்டு என்று எதையும் எப்படியும் சொல்லிவிடுகிறோம். செய்தித்தாளும் அப்படித்தான் எழுதுகிறது. ரீலோடிங்கில் அது சரிப்படாது. தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்த முழு உருப்படி: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டதும் குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் ஒரு தடவையோடு தீர்ந்தது. மிஞ்சுவது கூடு. ரீலோடிங் என்பதே அந்தக் கூட்டை மறுபடி பயன்படுத்துவதுதான்.

ரைஃபிள் கூடு பெரும்பாலும் பாட்டில் வடிவம். பாட்டிலுக்குச் சொல்கிற உறுப்புப் பெயர்களே இதற்கும் பொருந்தும்: அடி, உடல், தோள், கழுத்து, வாய். பிஸ்டல் கூடுகளில் பெரும்பாலானவை தோளும் கழுத்தும் இல்லாத நேர்க்குழாய்கள். கூட்டின் நீளம் என்றால் அடியிலிருந்து வாய் விளிம்பு வரை. குண்டு செருகிய பிறகு அதன் நுனி வரை அளப்பது தோட்டாவின் முழு நீளம். அது வேறு அளவு, அதற்கு வேறு வரம்பு. கையேட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருப்பதால் ஒன்றை மற்றதாக வாசித்துவிடுகிறவர்கள் உண்டு.

நறுக்குவது என்றாலும், ட்ரிம் செய்வது என்றாலும், வாய் விளிம்பைச் சுற்றிலும் மெல்லிய சுருளாகச் சீவி எடுப்பதுதான். நகம் வெட்டுவது போல.

உலோகம் எப்படி வளரும்?

பித்தளை புதிதாக எங்கிருந்தும் முளைப்பதில்லை. இருப்பதே இடம் மாறுகிறது. களிமண் உருளையை உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கிப் பாருங்கள். குறுக்கே ஒடுங்கும், மேலும் கீழும் பிதுங்கி நீளும். மண்ணின் எடை மாறவில்லை, வடிவம்தான் மாறியது. கூட்டிலும் இதுதான் நடக்கிறது, இரண்டு கட்டமாக.

முதல் கட்டம் சுடும் நொடியில். துப்பாக்கிக் குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குச் சேம்பர் என்று பெயர். தோட்டா எளிதாக நுழைய வேண்டும் என்பதால் சேம்பர் எப்போதும் கூட்டைவிட இம்மியளவு பெரிதாக இருக்கும். மருந்து எரியும்போது உள்ளே எழும் அழுத்தம் சாதாரணமானதல்ல. .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வகுத்திருக்கும் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் இருப்பது சுமார் 30 பவுண்டுதான். அந்த அழுத்தத்தில் கூட்டின் மெல்லிய முன்பகுதி உப்பி, சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. தடித்த அடிப்பகுதி ஒட்டாது. அது பின்னால் தள்ளப்பட்டு, சேம்பரைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் போல்ட்டின் முகத்தில் போய் முட்டுகிறது. முன்பக்கம் பிடித்துக்கொண்டது, பின்பக்கம் நகர்கிறது. நடுவில் மாட்டிய சுவர் என்ன செய்யும்? இழுபடும்.

இரண்டாம் கட்டம் ரீலோடிங் மேசையில். உப்பிய கூட்டைப் பழைய அளவுக்கு ஒடுக்க, டை என்ற எஃகு அச்சுக்குள் அழுத்தி நுழைக்கிறோம். இதற்கு சைஸிங் என்று பெயர். களிமண்ணைக் கை இறுக்குவது போல டை உடலை இறுக்குகிறது. அடி கெட்டியாக அடைபட்டிருப்பதால் பித்தளைக்குப் போக ஒரே வழி மேல்பக்கம்: தோள் வழியாகக் கழுத்துக்கு. போதாததற்கு, கூட்டை டையிலிருந்து வெளியே இழுக்கும்போது உள்ளே இருக்கும் விரிப்பான் உருண்டை கழுத்தின் உட்புறத்தை உரசிக்கொண்டு வருகிறது. கழுத்துக்குள் எண்ணெய்ப்பசை இல்லாவிட்டால் அந்த உரசலே கழுத்தை இழுத்து நீட்டிவிடும். கூட்டை டைக்குள் அழுத்தும் கருவியான பிரஸ்ஸின் கைப்பிடியைத் தூக்கும்போது "க்ரீச்" என்று சத்தம் வந்தால் இதுதான் காரணம். கழுத்தின் உட்புறத்தில் ஒரு தூரிகையால் லேசாக மசகு தடவினாலே போதும், சத்தமும் நிற்கும், நீட்சியும் குறையும்.

சுருக்கமாக: சுடும்போது பித்தளை இழுபடுகிறது, சைஸிங்கில் வாயை நோக்கிப் பிதுங்குகிறது. நீளம் கூடியது நம் அளவியில் தெளிவாகத் தெரிவது இரண்டாவது கட்டத்துக்குப் பிறகுதான். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

நீண்டால் என்ன கெட்டுவிடும்?

கால் மில்லிமீட்டர் அதிகமானால் என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் தோன்றும். சேம்பரின் முன்முனையைப் பார்த்தால் விடை தெரியும். கூட்டின் கழுத்து உட்காரும் இடம் முடிந்ததும் சேம்பர் ஒரு படி போலக் குறுகி, குண்டு மட்டும் போகும் அகலத்துக்கு வந்துவிடுகிறது. கூட்டின் வாய் அந்தப் படிக்கு முன்னால் நின்றுவிட வேண்டும். நீண்டுவிட்ட கூடு படியில் முட்டி, அதற்குள் நெருக்கிக்கொண்டு நுழைகிறது. வாய் விளிம்பு உள்நோக்கி மடிந்து, சுருக்குக் கயிறு மூட்டையின் வாயை இறுக்குவது போலக் குண்டைக் கவ்விக்கொள்கிறது.

வழக்கமாக அழுத்தம் எழுந்ததும் கழுத்து விரிந்து குண்டை விட்டுவிடும். இங்கே விரிய இடமில்லை, சுற்றிலும் எஃகு. குண்டு நகரத் தாமதமாகிறது, பின்னால் வாயு குவிகிறது, அழுத்தம் எகிறுகிறது. கையேட்டைப் பார்த்து மருந்தைத் துல்லியமாக நிறுத்துப் போட்டிருந்தாலும் இது நடக்கும். பிரைமர் தட்டையாக நசுங்குவதும், போல்ட் திறக்க மறுப்பதும் வெளியே தெரியும் அறிகுறிகள். இன்னும் மோசமானால் பிரைமர் கழன்று, சூடான வாயு சுடுபவரின் முகத்துப் பக்கம் வரும்.

"சேம்பரில் சிரமமில்லாமல் போய் உட்காருகிறதே, பிறகென்ன?" என்ற வாதத்தை நம்பவே கூடாது. போல்ட் கைப்பிடியைக் கீழே இறக்கும்போது உள்ளே ஒரு சாய்தளம் வேலை செய்கிறது. கை தரும் விசையை அது பல மடங்காக்கிக் கூட்டை முன்னே தள்ளுகிறது. மெல்லிய பித்தளை விளிம்பு மடிவதைக் கை உணராமலே போகலாம். தானியங்கித் துப்பாக்கியில் போல்ட்டைத் தள்ளுவது ஸ்பிரிங், அதற்கு உணர்வே கிடையாது. சுட்ட கூட்டின் வாய் விளிம்பு பளபளவென்று தேய்ந்தோ உள்நோக்கி மடிந்தோ இருந்தால், அது படியில் முட்டியிருக்கிறது என்று பொருள்.

இரண்டு எண்கள், இரண்டு வேலைகள்

கையேட்டில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் இரண்டு நீளங்கள் போட்டிருக்கும். ஒன்று உச்ச நீளம்: இதைத் தாண்டிய கூட்டில் மருந்து போடக் கூடாது. மற்றது நறுக்கு நீளம்: நறுக்குவதென்று முடிவெடுத்தால் இதுவரை நறுக்க வேண்டும். பெரும்பாலான தோட்டாக்களில் இரண்டுக்கும் இடைவெளி 0.010 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர்.

.223 ரெமிங்டனுக்கு உச்சம் 44.70 மி.மீ., நறுக்கு நீளம் 44.45. .308 வின்செஸ்டருக்கு 51.18, 50.93. 6.5 க்ரீட்மோருக்கு 48.77, 48.51. .30-06 ஸ்பிரிங்ஃபீல்டுக்கு 63.35, 63.09. கையேடுகள் பெரும்பாலும் அங்குலத்தில் அச்சிடுகின்றன; .308-க்கு 2.015, 2.005 என்றிருக்கும். அளவியை எந்த அலகில் வைத்திருக்கிறோம் என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மிகப் பரவலான தவறு இங்கேதான் பிறக்கிறது. நறுக்கு நீளத்தைத் தாண்டிய கூடெல்லாம் ஆபத்தானது என்று நினைத்துக்கொண்டு, 51.00 மி.மீ. இருக்கும் .308 கூட்டைப் போட்டு நறுக்குகிறார்கள். தேவையில்லை. உச்சத்துக்கு இன்னும் 0.18 மி.மீ. இருக்கிறது. இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் கூடு ஆரோக்கியமான கூடு. நறுக்கு நீளம் என்பது, வெட்டிய கையோடு மறுபடி வெட்ட வேண்டிவராமல் இரண்டு மூன்று சுற்றுக்கு வளர இடம் விட்டு வைக்கும் ஏற்பாடு மட்டுமே.

போட்டிக்குச் சுடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் எல்லாக் கூட்டையும் ஒரே நீளத்துக்குச் சீவுவதுண்டு. ஒவ்வொரு கூடும் குண்டை ஒரே அளவு பிடிப்போடு விட வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அது துல்லியத்துக்கான பழக்கம்; பாதுகாப்புக்கான விதியாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அளப்பது எப்போது, எப்படி?

சைஸிங் முடிந்த பிறகு. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. சுட்ட கையோடு அளந்தால் உப்பிய உடலின் நீளம்தான் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, சுட்டதும் 51.08 மி.மீ. காட்டிய .308 கூடு, டையிலிருந்து வெளிவந்ததும் 51.22 காட்டலாம். முன்னால் அளந்தவர் வரம்புக்குள் இருக்கிறது என்று நம்பி மருந்து போட்டுவிடுவார்.

வேலை வரிசை இது: கூட்டைத் துலக்கு, மசகு தடவு, சைஸ் செய், மசகைத் துடை, அள, தேவைப்பட்டால் நறுக்கு, பிசிறு எடு, அதற்குப் பிறகு பிரைமர். சைஸிங் டையே பழைய பிரைமரையும் தள்ளிவிடும். அளக்கும்போது அது இருக்கவே கூடாது. அடியிலிருந்து சற்றே துருத்தி நிற்கும் பிரைமர் அளவைக் கெடுத்துவிடும்.

வெர்னியர் அளவியே போதும், ஆனால் பள்ளிக்கூடத்தில் பார்த்ததைவிட நுணுக்கமாக வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். டிஜிட்டல் என்றால் வாசிக்கச் சுலபம். தாடைகளை மூடி, பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். கூட்டின் அடியை ஒரு தாடையில் தட்டையாகப் பதித்து, மற்றத் தாடையை வாய் விளிம்புவரை கொண்டுவந்து, கூட்டை விரலால் மெல்லச் சுழற்றுங்கள். வாய் எப்போதும் மட்டமாக இருக்காது. சுற்றில் கிடைக்கும் மிகப் பெரிய எண்ணே அந்தக் கூட்டின் நீளம். வாயில் நசுங்கலோ பிசிறோ இருந்தால் சரிசெய்த பிறகே அளக்க வேண்டும்.

நூறு கூடுகளை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டியதில்லை. அளவியை உச்ச நீளத்தில் நிறுத்தி, பூட்டுத் திருகை முடுக்கிவிடுங்கள். ஒவ்வொரு கூட்டையும் அந்த இடைவெளிக்குள் விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் நழுவிப் போவது ஒரு பக்கம், இடிப்பது மறுபக்கம். எண்ணைப் பார்க்காமலே சில நிமிடத்தில் நூறும் பிரிந்துவிடும்.

கடையில் வாங்கிய புதுக் கூடுகள் பெரும்பாலும் நறுக்கு நீளத்தை ஒட்டியோ அதற்குக் குறைந்தோ இருக்கும். இருந்தாலும் அவற்றையும் ஒருமுறை இந்த இடைவெளியில் விட்டுப் பார்த்துவிடலாம்.

நறுக்கும்போது

பொதுவாகப் புழங்கும் கருவி மூன்று விதம். முதலாவது, கூட்டின் அடியைக் கவ்வி, வாயில் ஒரு வழிகாட்டித் தண்டு நுழைந்து நிற்க, கைப்பிடியைச் சுற்றிச் சீவும் சிறிய கடைசல் கருவி. இரண்டாவது, தண்டின் நீளமே அளவாக இருக்கும் எளிய வெட்டி. அது பிரைமர் துளை வழியாக அடிவரை போய் முட்டியதும் வெட்டு தானாக நின்றுவிடும். ஒரு தோட்டா வகைக்கு ஒரு தண்டு வாங்க வேண்டும். மூன்றாவது மோட்டாரில் ஓடுவது, கூட்டின் தோளில் முட்டி அங்கிருந்து அளவெடுப்பது. இந்த மூன்றாவதில் ஒரு கண்ணி இருக்கிறது: தோள் சரியான இடத்தில் இல்லாவிட்டால் வெட்டும் தப்பும். சைஸ் செய்யாத கூட்டை அதில் விட்டால் ஒவ்வொன்றும் ஒரு நீளத்தில் வரும்.

முதல் கூட்டை எப்போதும் கொஞ்சம் நீளமாகவே விட்டு வெட்டி, அளந்து, கருவியைச் சிறுகச் சிறுக இறக்குங்கள். அதிகம் வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது. அழுத்தம் கொடுக்க வேண்டாம். கத்தி தானே சீவட்டும். சுருள் வருவது நின்று கைப்பிடி லேசாகச் சுற்றத் தொடங்கினால் வெட்டு முடிந்தது. பத்துக் கூடுக்கு ஒருமுறை நிறுத்தி அளந்து பார்க்க வேண்டும். கவ்வும் பிடிக்குள் ஒரு பித்தளைத் துணுக்கு சிக்கினால் கூடு அந்த அளவு முன்னால் தள்ளி நிற்கும், வெட்டும் அந்த அளவு கூடிவிடும். அடி விளிம்பில், சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் துப்பாக்கியின் கொக்கி கீறிய பிசிறு இருந்தாலும் இதே கதை.

கத்தி போன பிறகு வாய் விளிம்பில் உள்ளும் புறமும் கூரான பிசிறு நிற்கும். விரல் நுனியை வைத்தாலே உறுத்தும். அப்படியே விட்டால் உட்பக்கப் பிசிறு, குண்டு நுழையும்போது அதன் செம்பு உறையைச் சுரண்டும். சாய்விளிம்புக் கத்தியை உள்ளே இரண்டு மூன்று சுற்று, வெளியே ஒரு சுற்று, லேசாக. விளிம்பு மழுங்கி, ஒரு சிறு சாய்வு மினுமினுத்தால் போதும். பென்சில் சீவுவது போலக் கூராக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கத்திமுனை போன்ற வாய் சீக்கிரம் பிளக்கும். கடைசியில் கூட்டைத் தலைகீழாகத் தட்டித் துணுக்குகளைக் கொட்டிவிடுங்கள்.

கை தவறி நறுக்கு நீளத்துக்கும் கீழே போய்விட்டால்? சிறிதளவு என்றால் பதற வேண்டாம். குட்டைக் கூட்டால் அழுத்தம் எகிறாது. கழுத்தின் பிடிப்பு கொஞ்சம் குறையும், சேம்பரின் கழுத்து முனையில் கரி படியும், அவ்வளவே. அதைத் தனியாக வைத்துப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம்.

பிஸ்டல் கூடுகள்

இங்கே விஷயம் சின்னது. அழுத்தம் குறைவு, பிதுங்கிப் போகத் தோளும் கழுத்தும் இல்லை. .45 ஏ.சி.பி. கூடு சுடச்சுடக் குட்டையாவதுதான் வழக்கம். 9 மி.மீ. லூகரும் .45-உம் சேம்பருக்குள் வாய் விளிம்பை ஊன்றித்தான் நிற்கின்றன. அவற்றைச் சீவினால் ஊன்ற இடமில்லாமல் முன்னால் நழுவும். ஆகவே உச்சத்தைத் தாண்டாதவரை தொட வேண்டாம். உச்சம் 9 மி.மீ.க்கு 19.15 மி.மீ., .45-க்கு 22.81.

ரிவால்வர் மட்டும் விதிவிலக்கு. .38 ஸ்பெஷல், .357 மேக்னம் போன்றவற்றில், பின்னுதைப்பில் குண்டு நகராமலிருக்க வாய் விளிம்பைக் குண்டின் பள்ளத்துக்குள் மடிப்பார்கள். கிரிம்ப் என்பது இதுதான். கூடுகள் ஏற்றத்தாழ்வாக இருந்தால் ஒன்றில் கிரிம்ப் விழாது, இன்னொன்றில் கூடே பிதுங்கிவிடும். ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்தால் பிறகு வெகுநாள் கவலையில்லை.

வாயில் வெட்டியது எங்கிருந்து வந்தது?

இதைப் பலர் கேட்பதே இல்லை. சூயிங்கம்மை இழுத்தால் நீளும். நீண்ட அளவுக்கு நடுவில் மெலியும். கூடும் அப்படித்தான். வாயில் நாம் சீவி எறிகிற பித்தளையில் ஒரு பங்கு, அடிக்குச் சற்று மேலே இழுபட்ட சுவரிலிருந்து நகர்ந்து வந்தது. நறுக்கியதும் நீளம் சரியாகிவிடும், மெலிந்த சுவர் மெலிந்தபடியே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் நறுக்க வேண்டிவருகிறதென்றால், வாயை விட்டுவிட்டு அடியைக் கவனிக்க வேண்டிய நேரம் அது.

வேக வளர்ச்சிக்குப் பெரும்பாலும் காரணம் சைஸிங் டையை அளவுக்கு மீறி இறக்கி வைப்பது. தோள் தேவைக்கு அதிகமாகப் பின்னால் தள்ளப்படுகிறது, அடுத்த முறை சுடும்போது அந்த இடைவெளி முழுவதும் இழுபட்டு நிரம்புகிறது. போல்ட் ரைஃபிளில் தோளை 0.001 முதல் 0.002 அங்குலம் பின்னால் தள்ளினால் போதும், தானியங்கியில் 0.003 அல்லது 0.004. கூட்டின் வடிவமும் சேர்ந்துகொள்ளும். உடல் சரிவாகக் கூம்பிய கூடுகளும் தோள் சாய்வான கூடுகளும் எளிதில் நீளும். .220 ஸ்விஃப்ட் இதற்குப் பேர்போனது. லீ-என்ஃபீல்டு ரைஃபிள்களில் சுடும் .303 பிரிட்டிஷ் கூடுகளுக்கு ஆயுள் குறைவு என்பதும் தாராளமான அந்தச் சேம்பரால்தான்.

மெலிவை நேரடியாகவே பார்க்கலாம். அடிக்கு மேல் சுமார் 5 முதல் 8 மி.மீ. உயரத்தில், கூட்டைச் சுற்றி வெளிறிய பளபளப்பான வளையம் தெரிகிறதா பாருங்கள். பிறகு காகிதம் கோக்கும் ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் சிறு கொக்கியாக வளைத்து, வாய் வழியாக உள்ளே விடுங்கள். சுவரை உரசியபடி அடியிலிருந்து மெல்ல மேலே இழுங்கள். சுவர் நன்றாக இருந்தால் கொக்கி வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்திருந்தால் அந்த உயரத்தில் ஒரு பள்ளத்தில் இடறும். கைக்கு அது தெளிவாகத் தெரியும்.

இடறிய கூட்டை இன்னொரு முறை சுட்டால் அந்த வளையத்திலேயே இரண்டாகப் பிய்ந்துபோகலாம். அடி வெளியே வரும், முன்பாதி சேம்பருக்குள் சிக்கிக்கொள்ளும், நடுவில் வாயு பின்பக்கம் கசியும். ஆகவே அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நீளம் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் கழிக்க வேண்டியதே. பழைய பித்தளை டப்பாவில் போடுவதற்கு முன், வாயை இடுக்கியால் தட்டையாக நசுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நல்ல கூடுகளோடு கலந்து மறுபடி மேசைக்கே வந்து சேரும்.